உலாவி எஸ்எஸ்டியைத் தேய்க்கிறதா? சேலத்திலும் ஏற்காட்டிலும் ஐந்து மாதம் அளந்து பார்த்தது

2024 ஆகஸ்ட் 17, வாசகர் கேள்வி

பழைய டெஸ்க்டாப்பில் ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு 240 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளில் தகவலைச் சேமிக்கும் டிஸ்க்) மாட்டியிருக்கிறேன். ஃபயர்ஃபாக்ஸ் உலாவி 15 நொடிக்கு ஒருமுறை டிஸ்கில் எழுதிக்கொண்டே இருக்கும், அதை நிறுத்தாவிட்டால் ஓராண்டில் எஸ்எஸ்டி தேய்ந்துவிடும் என்று மாட்டிக்கொடுத்தவர் சொல்கிறார். இது உண்மையா? எந்த அமைப்பை மாற்ற வேண்டும்?

2024 ஆகஸ்ட் 18

15 நொடி என்பது உண்மை. ஓராண்டு என்பதை நான் ஏற்கவில்லை.

ஃபயர்ஃபாக்ஸ் திடீரென்று நின்றுபோனால் திறந்திருந்த தாவல்களையும் நிரப்பிக்கொண்டிருந்த படிவங்களையும் மீட்டுத் தருவதற்காக, அவற்றின் நிலையை ஒரு கோப்பில் அவ்வப்போது எழுதி வைக்கிறது. முகவரிப் பட்டையில் அபவுட்:கான்ஃபிக் என்று ஆங்கில எழுத்தில் தட்டி, பிரவுசர்.செஷன்ஸ்டோர்.இன்டர்வல் என்று தேடினால் 15000 என்ற எண் இருக்கும். அது மில்லிநொடிக் கணக்கு; அதாவது 15 நொடி. பக்கத்தில் எந்த மாற்றமும் இல்லாதபோது அது வீணாக எழுதுவதில்லை. நாற்காலியை விட்டு எழுந்துபோய்க் கணினி சும்மா இருந்தால் இடைவெளி ஒரு மணி நேரமாக நீண்டுவிடும்.

2016இல் இந்தக் கோப்பு ஒன்றே நாளுக்குப் பத்து ஜிபிக்கு மேல் எழுதுவதாக ஒருவர் அளந்து வெளியிட்டது பெரிய பேச்சாயிற்று. அதற்குப் பின் வந்த பதிப்புகளில் அந்தக் கோப்பைச் சுருக்கி எழுதும் முறை சேர்க்கப்பட்டுவிட்டது. பழைய அச்சம் மட்டும் கடைக்குக் கடை கைமாறி வந்துகொண்டிருக்கிறது.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளுக்குக் கணக்கு எழுதுவது என் தொழில். என் மேசைக் கணினியிலும் இதே 240 ஜிபி அளவு எஸ்எஸ்டிதான் இருக்கிறது. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் இன்று காலை பார்த்தபோது, மாட்டி ஏறத்தாழ 1,000 நாள் ஆன அந்த டிஸ்கில் மொத்தம் எழுதப்பட்டது 11,604 ஜிபி என்று காட்டிற்று. நாளுக்குச் சராசரி 11.6 ஜிபி. தயாரிப்பாளர் உறுதியளித்திருப்பது 80 டிபி, அதாவது 80,000 ஜிபி வரை எழுதலாம் என்று. இதே வேகத்தில் போனால் அந்த அளவைத் தொடவே மொத்தம் ஏறத்தாழ 19 ஆண்டு ஆகும். நீங்களும் எதையும் மாற்றுவதற்கு முன்னால் இந்த ஓர் எண்ணைக் குறித்து வையுங்கள்.

2024 ஆகஸ்ட் 20

"எழுதினால் ஏன் தேய வேண்டும்?" என்று கேட்கிறீர்கள். எங்கள் பட்டறை வேலையை வைத்தே சொல்லிவிடுகிறேன்.

கொலுசில் ஒரு கண்ணி கோணலாகிவிட்டால் அந்தக் கண்ணியை மட்டும் கழற்றி வேறு வைக்கலாம். எஸ்எஸ்டிக்கு அந்த வசதி கிடையாது. அதில் எழுதுவது பக்கம் பக்கமாக நடக்கும். ஒரு பக்கம் சில கேபி அளவுதான். அழிப்பதோ நூற்றுக்கணக்கான பக்கங்கள் சேர்ந்த ஒரு கட்டமாகத்தான் முடியும். எழுதிய பக்கத்தின் மேலேயே திரும்ப எழுத முடியாது. எனவே ஒரு சிறு திருத்தம் வந்தாலும் புதிய பக்கத்தில் எழுதிவிட்டுப் பழையதைச் செல்லாதது என்று குறித்து வைக்கிறது. செல்லாத பக்கங்கள் பெருகியதும், அந்தக் கட்டத்தில் இன்னும் உயிரோடிருக்கும் பக்கங்களை வேறிடத்துக்கு நகலெடுத்து, கட்டம் முழுவதையும் அழித்து வெறுமையாக்குகிறது. ஒரு கண்ணிக்காகக் கொலுசு முழுவதையும் உருக்கி வார்ப்பது போன்ற வேலை அது. அதனால் நாம் 1 ஜிபி எழுதினால் உள்ளே நடக்கும் எழுத்து அதைவிடக் கூடுதலாகவே இருக்கும். ஒவ்வோர் அழிப்பும் அந்தக் கட்டத்தின் ஆயுளில் ஒன்றைக் கழிக்கிறது. ஒரு செல்லில் மூன்று பிட் அடைக்கும் டிஎல்சி வகை எஸ்எஸ்டியில் ஒரு கட்டம் ஆயிரத்திலிருந்து மூவாயிரம் அழிப்புகள் வரை தாங்கும் என்பது பொதுவான கணக்கு. ஒரே கட்டம் அடி வாங்காதபடி எல்லாக் கட்டங்களுக்கும் வேலையைப் பகிர்ந்து கொடுப்பதை டிஸ்கினுள் இருக்கும் கட்டுப்படுத்தியே பார்த்துக்கொள்கிறது.

டிஸ்க் நிரம்பி வழியும்போது இந்த நகலெடுப்பு மிகுதியாகும். ஆகவே ஐந்தில் ஒரு பங்கையாவது காலியாக விட்டு வைப்பது, உலாவியில் எதையும் தொடாமலேயே கிடைக்கும் நன்மை.

2024 ஆகஸ்ட் 25

இந்த வாரம் மூன்று வேலைநாள்களில் அளந்தேன். காலை 9.30 முதல் மாலை 6.30 வரை, வழக்கமான 43 தாவல்களோடு, விண்டோஸின் ரிசோர்ஸ் மானிட்டரில் டிஸ்க் பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு ஃபயர்ஃபாக்ஸின் எழுத்தைக் குறித்து வந்தேன்.

செவ்வாய்க்கிழமை 15 நொடி இடைவெளியில் 3.1 ஜிபி. புதன்கிழமை 60000 என்று மாற்றியபோது 2.2 ஜிபி. வியாழக்கிழமை 300000, அதாவது ஐந்து நிமிடம் என்று வைத்தபோது 1.9 ஜிபி.

கணக்கும் ஒத்துப்போகிறது. ஃபயர்ஃபாக்ஸின் புரொஃபைல் கோப்புறையில் செஷன்ஸ்டோர்-பேக்கப்ஸ் என்ற உட்கோப்புறைக்குள் இருக்கும் ரெகவரி கோப்பு என் கணினியில் 600 கேபி அளவு. ஒன்பது மணி நேரத்தில் 15 நொடிக்கு ஒருமுறை என்றால் 2,160 தடவை. அது ஏறத்தாழ 1.3 ஜிபி ஆகிறது. ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் 540 தடவை, 0.3 ஜிபி. ஐந்து நிமிடம் என்றால் 65 எம்பி மட்டுமே. 15 நொடியை ஒரு நிமிடமாக்கும்போதே பெரும்பங்கு மிச்சமாகிவிடுகிறது. இருந்தாலும் ஐந்து நிமிடத்திலேயே விட்டிருக்கிறேன்.

மீதி எழுத்து பெரும்பாலும் கேச்; அதாவது படங்களையும் பக்கத் துண்டுகளையும் மறுமுறை இறக்காமல் இருப்பதற்காக டிஸ்கில் சேர்த்து வைப்பது. பிரவுசர்.கேச்.டிஸ்க்.எனேபிள் என்பதை ஃபால்ஸ் ஆக்கினால் அது நின்றுவிடும். வெள்ளிக்கிழமை அதையும் செய்து பார்த்தேன். நாள் முழுவதும் 0.5 ஜிபிதான். மனத்துக்கு மிகவும் நிறைவாக இருந்தது.

2024 ஆகஸ்ட் 29

மேலே எழுதியதில் ஒரு பெரிய விடுபாடு இருக்கிறது. நாளுக்கு 11.6 ஜிபி எழுதப்படும்போது அதில் ஃபயர்ஃபாக்ஸின் பங்கு 3.1 மட்டுமே என்றால் மீதியை யார் எழுதுகிறார்கள் என்று நான் கேட்டுக்கொள்ளவேயில்லை.

ரிசோர்ஸ் மானிட்டரில் எழுத்தின் அளவுப்படி வரிசைப்படுத்தியவுடன் விடை தெரிந்துவிட்டது. என் கணக்கு மென்பொருள் அரை மணிக்கு ஒருமுறை, 400 எம்பி அளவுள்ள தரவு முழுவதையும் அதே டிஸ்கில் வேறொரு கோப்புறைக்கு நகலெடுத்து வைக்கிறது. நாளுக்கு 18 தடவை, 7.2 ஜிபி. உலாவியைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல்! அந்த நகல்தான் பலமுறை என்னைக் காப்பாற்றியிருக்கிறது என்பதால் அதைக் குறைக்க மனம் வரவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

2024 செப்டம்பர் 1

குரோம், எட்ஜ் பற்றிக் கேட்டவருக்கு: அவற்றில் செஷனை, அதாவது திறந்திருக்கும் தாவல்களின் நிலையை, எழுதும் இடைவெளியை மாற்றும் அமைப்பு பயனர் கைக்குக் கிடைப்பதில்லை. எட்ஜும் 2020 ஜனவரி முதல் குரோமியம் அடிப்படையில் இயங்குவதால் இரண்டுக்கும் ஒரே வழிதான். திரையில் இருக்கும் ஷார்ட்கட்டின் பண்புகளில், நிரலின் பெயருக்குப் பின்னால் டிஸ்க்-கேச்-சைஸ் என்ற ஆணையைச் சேர்த்து, பைட் கணக்கில் 104857600 என்று கொடுத்தால் கேச் 100 எம்பிக்குள் நிற்கும். எழுத்து குறையும்.

2024 செப்டம்பர் 14

ஆகஸ்ட் 25 குறிப்பில் சொன்னதைச் செய்தவர்கள் இதை அவசியம் படிக்க வேண்டும்.

என் அக்காள் வீடு ஏற்காட்டில் இருக்கிறது. மாமா சிறிய காப்பித் தோட்டம் வைத்திருக்கிறார், ஊடுபயிராக மிளகு. அவருடைய கணினியில் ரேம், அதாவது நினைவகம், 4 ஜிபி மட்டுமே. சென்ற ஞாயிற்றுக்கிழமை இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப்போய், சேலத்தில் செய்ததையே அங்கும் செய்து கொடுத்தேன். டிஸ்க் கேச்சை நிறுத்திவிட்டேன். அத்தோடு விடாமல், ரேமில் 1 ஜிபியைப் பிரித்து ஒரு போலி டிஸ்க் உண்டாக்கி, குரோமின் கேச்சை அதற்குள் திருப்பிவிட்டேன்.

இரண்டும் தவறாகப் போயின. முதலாவது: டிஸ்க் கேச் இல்லாத ஃபயர்ஃபாக்ஸ் நினைவகத்தில் வைத்துக்கொள்ளும் கேச் மிகச் சிறியது, சில பத்து எம்பிதான். எனவே பார்த்த படத்தையே மறுபடியும் மறுபடியும் இறக்குகிறது. சேலத்தில் கம்பிவழி இணைப்பு என்பதால் எனக்கு அது உறைக்கவில்லை. மாமாவோ கைப்பேசியின் இணைப்பில்தான் கணினியை ஓட்டுகிறார். நாளுக்கு 1.5 ஜிபி திட்டம் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே தீர்ந்துபோயிற்று.

இரண்டாவது இன்னும் மோசம். 4 ஜிபியில் ஒன்றை நான் எடுத்துக்கொண்டதால் மிச்சம் மூன்றில் விண்டோஸும் உலாவிகளும் நெருக்கியடித்தன. இடம் போதாதபோது விண்டோஸ் நினைவகத்தில் உள்ளதைப் பேஜ் ஃபைல் என்ற கோப்பில் இறக்கி வைக்கும். அந்தக் கோப்பு இருப்பதும் அதே எஸ்எஸ்டியில்தான். மாமாவிடம் ஆறு நாளும் காலையிலும் இரவிலும் எண்ணைக் குறிக்கச் சொல்லியிருந்தேன். முன்பு நாளுக்கு 9 ஜிபி எழுதிக்கொண்டிருந்த டிஸ்க், நான் "சேமித்துக் கொடுத்த" பிறகு 14 ஜிபி எழுதியிருக்கிறது.

ரேம் டிஸ்கை நீக்கி, டிஸ்க் கேச்சைப் பழையபடியே வைத்துவிட்டேன். என் குறிப்பைப் பார்த்து 4 ஜிபி கணினியில் இதைச் செய்தவர்கள் தயவுசெய்து திருப்பிவிடுங்கள். அளந்து பார்க்காமல் மற்றவர் கணினியில் கைவைத்தது என் பிழை.

2024 செப்டம்பர் 15

செப்டம்பர் 1 குறிப்பிலும் திருத்தம் உண்டு. கேச்சின் அளவைக் குறைத்தால் அது டிஸ்கில் அடைத்துக்கொள்ளும் இடம்தான் குறையும். எழுத்து குறையும் என்று நான் எழுதியது சரியில்லை. சிறிய கேச் விரைவில் நிரம்பும். பழையதைத் தள்ளிப் புதியதை எழுதும். தள்ளியது மறுநாள் தேவைப்பட்டால் அதையே இறக்கித் திரும்பவும் எழுதும். அந்த ஆணையைச் சேர்த்தவர்கள் எடுத்துவிடலாம்.

சேலத்துக் கணினியிலும் டிஸ்க் கேச்சை இயக்கிவிட்டேன். 1.4 ஜிபியை மிச்சம் பிடிப்பதற்காக ஒவ்வொரு பக்கமும் தயங்கித் தயங்கித் திறப்பதைப் பொறுத்துக்கொள்ளக் காரணமில்லை.

2024 செப்டம்பர் 22

80 டிபி முடிந்த மறுநாள் டிஸ்க் நின்றுவிடுமா என்ற கேள்விக்கு: நிற்க வேண்டும் என்பதில்லை. அது உத்தரவாதத்துக்கான எல்லை. டெக் ரிப்போர்ட் என்ற தளத்தினர் 2013 ஆகஸ்ட் தொடங்கி 2015 மார்ச் வரை, 240 முதல் 256 ஜிபி வரையான ஆறு எஸ்எஸ்டிகளில் அவை சாகும்வரை எழுதிக்கொண்டே இருந்தார்கள். எல்லாமே 700 டிபியை எட்டிய பிறகே விழுந்தன; கடைசியாக நின்ற சாம்சங் 840 ப்ரோ 2,400 டிபி வரை தாங்கிற்று. அவை அந்தக் காலத்து டிஸ்குகள். இன்று ஒரு செல்லில் நான்கு பிட் அடைக்கும் மலிவான கியூஎல்சி டிஸ்குகளுக்கு அதே தெம்பு இருக்கும் என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது.

2024 அக்டோபர் 20

நேற்று ஏற்காட்டில் இருந்தேன். மாலை நான்கு மணிக்கே மேகம் சன்னல் வரை இறங்கிவிட்டது. மாமா வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு, மிளகு மூட்டைகளுக்கு நடுவே போட்ட மேசையில், மானியத்துக்கான இணையப் படிவத்தை ஒற்றை விரலால் தட்டித் தமிழில் நிரப்பிக்கொண்டிருந்தார். ஓர் இடி. விளக்கு அணைந்து, கணினியின் விசிறி சுற்றி ஓய்வது மட்டும் கேட்டது.

ஏழு நிமிடம் கழித்து மின்சாரம் வந்தது. ஃபயர்ஃபாக்ஸ் தாவல்களை மீட்டுத் தந்தது, படிவமும் திறந்தது. ஆனால் தோட்டத்தின் விவரத்தை எழுதிய பெரிய கட்டம் வெறுமையாக இருந்தது.

"அஞ்சு நிமிசமா அடிச்சதெல்லாம் எங்கீங்க மாப்ள?" என்றார்.

செப்டம்பரில் மற்றதையெல்லாம் திருப்பிய நான், அந்த 300000 என்ற எண்ணை அவர் கணினியில் அப்படியே விட்டிருந்தேன். கடைசியாகச் செஷன் எழுதப்பட்டதற்கும் மின்சாரம் போனதற்கும் இடைப்பட்ட நேரத்தில்தான் அவர் அதைத் தட்டியிருக்கிறார். 15000 என்ற பழைய எண்ணாக இருந்திருந்தால் கடைசி ஒரு வரிதான் போயிருக்கும். என்னிடம் கோபிக்காமல் மறுபடியும் முதல் எழுத்திலிருந்து தொடங்கினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மிகவும் சங்கடமாக இருந்தது.

இரண்டு கணினியிலும் 60000 என்று மாற்றிவிட்டேன். மின்சாரம் நிலையில்லாத ஊரில் டெஸ்க்டாப் வைத்து, பெரிய படிவங்களை நிரப்புகிறவர்கள் 15000ஐயே வைத்துக்கொள்ளலாம். மடிக்கணினி என்றால் பேட்டரி தாங்கும். இந்த அச்சம் குறைவு. வரும்போது அவருடைய கூலிக் கணக்கை ஒரு பென் டிரைவில் நகலெடுத்துக்கொண்டு வந்தேன்.

2024 டிசம்பர் 5

ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்தது பலருக்கும் தெரிந்திருக்கும். அக்காள் வீட்டில் மின்சாரம் போவதும் வருவதுமாக இருந்து, பிறகு முழுமையாகப் போய்விட்டது. திரும்பி வந்தபோது கணினி கறுப்புத் திரையில், துவக்குவதற்கு டிஸ்க் எதுவும் இல்லை என்று காட்டி நின்றது. மாமா தொலைபேசியில் அதை எழுத்துக் கூட்டிப் படித்தார். பயாஸுக்குள், அதாவது விண்டோஸ் துவங்கும் முன்பே திறக்கும் அமைப்புத் திரைக்குள், போய்ப் பார்க்கச் சொன்னேன். அங்கும் எஸ்எஸ்டியின் பெயரே இல்லை.

அக்டோபரில் நான் குறித்து வைத்த எண்கள் என் நோட்டில் இருக்கின்றன. மொத்தம் எழுதப்பட்டது 4,900 ஜிபி. ஆரோக்கியம் 97 சதவீதம். தேய்மானத்தால் அது சாகவில்லை என்பது உறுதி. எந்தத் தகவல் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்ற வரைபடத்தை எஸ்எஸ்டி தனக்குள் ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் மின்சாரம் வெட்டுப்பட்டால் வரைபடமே குலைந்துபோகலாம். பெரிய நிறுவனங்களுக்கான டிஸ்குகளில் அந்தச் சில மில்லிநொடிகளைக் கடப்பதற்கு மின்தேக்கிகள் வைத்திருப்பார்கள். நாம் வாங்கும் மலிவான டிஸ்குகளில் அவை பெரும்பாலும் இருப்பதில்லை. மின்னழுத்தம் ஏறி இறங்கியும் பழுதாகியிருக்கலாம்.

எழுத்தைக் குறைப்பதற்கு நான்கு மாதம் மெனக்கெட்ட எனக்கு, அவர் மேசையில் ஒரு யுபிஎஸ் வைக்க வேண்டும் என்று அக்டோபரில், அந்த இடி விழுந்த அன்றுகூட, தோன்றவில்லை.

2024 டிசம்பர் 8

புதிய எஸ்எஸ்டியும் யுபிஎஸ்ஸும் வாங்கிவந்து இன்று பொருத்தினேன். கூலிக் கணக்கில் அக்டோபர் 19 வரை பென் டிரைவில் இருந்தது. அதற்குப் பிறகு ஏழு வாரம். பழம் பறிக்கும் பருவம் என்பதால், யார் எத்தனை கிலோ பறித்தார்கள் என்பதை மாமா தோட்டத்திலேயே ஒரு நாற்பது பக்க நோட்டில் பென்சிலால் குறித்துவிட்டு, இரவில் கணினியில் ஏற்றுவார். நோட்டை அவர் தூக்கிப் போட்டிருக்கவில்லை. ஓரமெல்லாம் பழச்சாறு பட்டுப் பழுப்பேறியிருந்தது. இரண்டு பக்கம் ஒட்டிக்கொண்டிருந்ததை அக்காள் நீராவியில் காட்டிப் பிரித்துத் தந்தார். அவர் படிக்க நான் தட்ட, மதியம் தொடங்கி இரவு ஒன்பதரைக்கு முடிந்தது.

சேலம் திரும்பும் வழியில் என் கணினியின் நினைவுதான். ஆகஸ்ட் 29இல் பெருமையாக எழுதினேனே, அரை மணிக்கு ஒருமுறை 400 எம்பி நகல் என்று. அந்த நகல்கள் இருப்பது அதே எஸ்எஸ்டியில். மாமாவுக்கு நேர்ந்தது எனக்கு நேர்ந்தால் கணக்கும் போகும், நகலும் சேர்ந்து போகும். தவறாக எதையாவது அழித்துவிட்டால் மட்டுமே அது உதவும். மூன்றாண்டாக நாளுக்கு 7.2 ஜிபி எழுதித் தேய்த்தது, டிஸ்க் சாகும் நாளுக்குப் பயன்படாத ஒன்றுக்காக.

எஸ்எஸ்டி மாட்டியபோது கழற்றிய பழைய ஹார்ட் டிஸ்க் அலமாரியில்தான் கிடந்தது. வந்ததும் அதை ஓர் உறையில் போட்டு யுஎஸ்பியில் இணைத்து, நகல்களை அதற்குத் திருப்பிவிட்டேன். அப்போது குறித்த எண் 12,746 ஜிபி. ஆகஸ்ட் 18இலிருந்து 112 நாளில் 1,142 ஜிபி, நாளுக்கு 10.2.

2025 ஜனவரி 19

முதலில் கேள்வி கேட்டவர் தம் எண்ணை அனுப்பியிருக்கிறார்: ஐந்து மாதத்தில் 1,050 ஜிபி. அவரும் 240 ஜிபி, 80 டிபி வகை. அவர் இடைவெளியைத் தவிர வேறெதையும் மாற்றவில்லை. மாற்றத் தேவையும் இல்லை.

என் பக்கம்: இரண்டு கணினியிலும் இடைவெளி 60000, டிஸ்க் கேச் நிறுவியபோது இருந்தபடியே. மாமா கணினியில் ரேமை 8 ஜிபி ஆக்கிவிட்டேன். சேலத்துக் கணினி இன்று காட்டியது 12,880 ஜிபி. நகலை வெளியே திருப்பிய பிறகு 42 நாளில் 134 ஜிபி, நாளுக்கு 3.2. நேற்று மாலை ஏற்காட்டில் மறுபடியும் மின்சாரம் போயிற்றாம். யுபிஎஸ் கூவத் தொடங்கியதும் மாமா படிவத்தைச் சேமித்து, கணினியை முறைப்படி அணைத்துவிட்டு, எனக்குத் தொலைபேசியில் சொன்னார்.